அச்சில் சுற்றிய சிவப்பு நூல்

உள்ளே விட்டுவிட்டார்கள்! கழுத்தில் ஓர் அட்டை தொங்கினால் போதும், ரோபோ போட்டியின் சமையல்கட்டு வரைக்கும் போய்விடலாம் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே! மூலனூரிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட அணி. அதில் அக்கா மகளும் ஒருத்தி. துணைக்கு வந்த மாமன் என்ற ஒரே தகுதியில், ஒரு கையில் டீ ஃபிளாஸ்க், மறு கையில் முறுக்கு டப்பாவுடன் நுழைந்தேன்.

இந்த இடத்துக்குப் ‘பிட்’ என்று பெயர். வெளியே பாட்டும் கைதட்டலுமாக மேடை ஜொலிக்கிறது. இங்கே கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பின்னால் இருக்கும் இடம் மாதிரி. காலில் தடுக்குவதெல்லாம் சார்ஜர் ஒயர். ஒரு பையன் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து, கறுப்பு நிறத்தில் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பின் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். அது கிடைக்காவிட்டால் அவன் ரோபோவின் கை மேலே எழும்பாது. ஷிப்மென்டுக்கு முந்தின ராத்திரி பனியன் கம்பெனி செக்கிங் மேஜையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. ஆனால் இங்கே அத்தனை பேருக்கும் வயசு பதினாறுக்குள். அதுதான் எனக்கு ஒரே குதூகலம்!

நம் அணியின் ரோபோ பயிற்சி மேஜையில் ஏறியது. நேராகப் போக வேண்டியது, இடதுபக்கம் சாய்ந்து சாய்ந்து போய்ச் சுவரில் முட்டியது.

“ஏனுங் மாமா, ஊட்ல நல்லாத்தானே ஓடுச்சு?”

“என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும் கண்ணு, முறுக்கு வேணுமா?”

மூன்று பேர் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். 90 டிகிரி என்றிருந்த வலதுபக்கத் திருப்பத்தை 93 ஆக்கினார்கள். கொஞ்சம் சரியானது மாதிரி இருந்தது. மறுபடி ஓடவிட்டால் மறுபடி சாய்ந்தது. கடைசியில் அக்கா மகள்தான் ரோபோவைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். இடது சக்கரத்தின் அச்சில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு முழம் சிவப்பு நூல்! அக்கா வீட்டில் பயிற்சி மேஜைக்குப் பக்கத்திலேயே ஓவர்லாக் மெஷின். பீஸ்ரேட் வேலையின் பிசிறெல்லாம் தரையில் கிடக்கும், ரோபோ அதில் உருண்டு உருண்டு வாரிக்கொண்டு வந்திருக்கிறது. பிசிறு வெட்டுகிற டிரிம்மர் அவள் பையிலேயே இருந்தது (ஊர்ப் பழக்கம்). நறுக், நறுக். நூல் போயிற்று.

இப்போது ரோபோ வலதுபக்கம் சாய்ந்தது. அந்த 93!

புதிதாகக் களமிறங்கும் பிள்ளைகளே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நன்றாக ஓடிய புரோகிராமைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள், பேட்டரியைப் பாருங்கள். சார்ஜ் குறைந்தால் மோட்டாரின் வேகம் மாறும். ‘இத்தனை விநாடி ஓடு’ என்று எழுதியிருந்தால் காலையில் போன தூரம் மத்தியானம் போகாது. ‘சக்கரம் இத்தனை சுற்று’ என்று எழுதினால் அந்தத் தொல்லை குறையும். ஜைரோ சென்சார் உள்ள ரோபோவை ஆன் பண்ணும்போது அசைக்காதீர்கள். நிற சென்சாருக்கு அந்த அரங்கத்து வெளிச்சத்திலேயே கறுப்பு எது, வெள்ளை எது என்று மறுபடி காட்டிவிடுங்கள்.

நாங்கள் வந்திருந்த ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் மேஜை ஓட்டம் இரண்டரை நிமிஷம்தான். மூன்று ரவுண்டு, அதில் எது அதிகமோ அதுவே கணக்கு. அதனால் முதல் ரவுண்டில் சொதப்பினால் மூக்கைச் சிந்த வேண்டாம். சமீபத்திய சீசன்களின் விதியில் ஒரு குட்டி ரகசியமும் உண்டு. புறப்படும் இடத்துக்கு வெளியே திணறும் ரோபோவைக் கையால் தொட்டால் டோக்கன் ஒன்று போகும். மொத்தம் 6 டோக்கன், அதற்கு 50 புள்ளி. 5 மிச்சமிருந்தாலும் அதே 50! ஆக, முதல் தொடுகை இலவசம். இது தெரியாமல் பதறிப் பார்த்துக்கொண்டே நின்ற அணிகளை நான் எண்ணினேன், விரல் போதவில்லை.

இன்னொன்று: மேஜை ஓட்டம் மொத்தக் கணக்கில் கால் பங்குதான். ரோபோவை எப்படிக் கட்டினீர்கள், என்ன ஆராய்ச்சி செய்தீர்கள், அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்பவை மீதி முக்கால். அவற்றை நடுவர்கள் விசாரிக்கும் அறைக்குள் மாமன்மார்களுக்கு அனுமதியில்லை. கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். 2025-26 சீசனின் கருப்பொருள் தொல்லியல். நமக்கு லட்டு மாதிரி! நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய இடம், பெரில், கார்னீலியன் கற்களில் மணி செய்த பட்டறை, தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடு என்று தோண்டத் தோண்ட வந்த ஊர். புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்காமல், அகழாய்வில் வேலை செய்த ஒருவரைத் தேடிப் போய், ‘உங்களுக்கு எது பெரிய தலைவலி?’ என்று கேட்டுவிட்டு வந்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உலக ரோபோ ஒலிம்பியாட் வேறு ஜாதி. 2004-ல் சிங்கப்பூரில் பிறந்தது, 2016-ல் இந்தியாவுக்கே வந்துபோனது. அதில் ரோபோமிஷன் பிரிவுக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான் ஓர் அணி. கிளம்பும்போது ரோபோ 25 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். போட்டியன்று காலையில்தான் ஒரு திடீர் விதியை அவிழ்த்துவிடுவார்கள். பயிற்சி நேரம் முடிந்ததும் எல்லா ரோபோவையும் ஒரே மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே போகிறவர்கள் மாற்றி எழுதச் சுலபமான புரோகிராமாகக் கொண்டுபோங்கள்.

‘நம்மூர்லயிருந்து இந்த மாதிரி யாரு சாதிச்சாங்க?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு பதில் கைவசம் இருக்கட்டும். மூலனூருக்குக் கிழக்கே, கரூர் மாவட்ட எல்லைக்குள், பள்ளப்பட்டி. அந்த ஊர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் செய்த கலாம்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளின் எடை 64 கிராம். மாணவர்களுக்கான போட்டி ஒன்றில் தேர்வாகி, 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் ஏறியது. முறுக்கு டப்பா மூடியே அதைவிடக் கனம்!

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாவது ரவுண்டுக்கு நம் பிள்ளைகள் ஓடியபோது, மேஜைக்கடியில் படுத்திருந்த பையன் எழுந்து வந்து டிரிம்மரைக் கடன் கேட்டான். அவன் ரோபோ அச்சில் யாரோ ஒருத்தியின் தலைமுடி. கொடுத்தேன். அந்தக் கறுப்புப் பின் கிடைத்ததா என்று கேட்டேன். “இல்லைங்க அங்கிள், பக்கத்து டீம் ஒண்ணு குடுத்தாங்க” என்றான். பேசிக்கொண்டே அவன் கை முறுக்கு டப்பாவுக்குள் போனது. அவன் கூப்பிட்ட குரலுக்கு அணி மொத்தமும் வந்துவிட்டது. ஜெயித்த முகமா தோற்ற முகமா என்று தெரியாத முகத்தோடு அக்கா மகள் திரும்பி வந்து, முதலில் பார்த்தது காலி டப்பாவைத்தான்.

“மாமா!”