சென்னைக்கு வந்த மோர்மன் ஆசிரியர்

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்து இருவர் இருவராகச் செல்லும் மோர்மன் இளைஞரைச் சிங்கப்பூர் மக்கள் கண்டிருப்பர். இச்சபையார் தமிழகத்துக்குப் புதியவர் அல்லர். அவர்களுள் முன்னோடியான ரிச்சர்டு பாலன்டைன் 1853-லேயே சென்னையில் கரையிறங்கியவர்.

1817-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், ரொட்டி சுடும் தொழில் பயின்றவர். 1842-இல் சபையிற் சேர்ந்து, மறு ஆண்டு அமெரிக்கா சென்றார். சபையார் வறண்ட நிலத்தில் சால்ட் லேக் நகரை அமைத்தபோது, பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி அளிக்க ஏற்பாடு இல்லையே என வருந்தினார். கட்டடம் எழும்வரை காத்திராமல், 1849 டிசம்பர் 9-இல் தம் வீட்டிலேயே ஞாயிற்றுப் பள்ளி தொடங்கினார். அச்சபையின் ஞாயிற்றுப் பள்ளிகளுக்கெல்லாம் அதுவே வித்து. தோட்டப் பள்ளிகள் தோன்றிய கதையை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

1852 ஆகஸ்டில் கூடிய மாநாடு இவரை இந்தியாவுக்கு அனுப்பியது. பலதார மணம் தன் கொள்கை எனச் சபை பகிரங்கமாக அறிவித்ததும் அதே மாநாட்டில்தான்! கலிபோர்னியாவிலிருந்து கல்கத்தாவுக்கு ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம், பின்னர் சென்னை. பழிச்சொல்லும் உடன் வந்து சேர்ந்தது. பாதிரிமாரும் பத்திரிகைகளும் எதிர்த்தனர். அவரோ சளைக்காமல் துண்டு நூல்கள் வெளியிட்டார். 1854-இல் மாத இதழும் நடத்தினார். எனினும் ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலரே.

பலதார மணமே தோல்விக்குக் காரணம் என்பது பாதி உண்மைதான். அவருடைய பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே நடந்தன. கேட்டோரும் பெரும்பாலும் ஐரோப்பியரே. தமிழர் செவியில் அவர் சொல் விழவே இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தார். 1839-இல் வந்த போப், கப்பலிலேயே தமிழ் படித்தவர். கடற்பயணம் பாலன்டைனுக்கும் நீண்டதாகத்தான் இருந்தது! ஆனால் அவருக்காகவும் ஒன்று சொல்லவேண்டும். சபை அக்காலத்தில் புதிதாகச் சேர்ந்தோரைத் தன் ஊருக்கே வந்து குடியேறுமாறு அழைத்தது. பெயர்ந்து போகிறவர்களுக்கு ஊர்மொழி எதற்கென எண்ணினார் போலும்.

ஓராண்டு கழிந்து, 1854-இல் சென்னையை நீங்கினார். 1855-இல் ஏறத்தாழ 400 குடியேறிகளைச் சால்ட் லேக்குக்கு நடத்திச் சென்றார். 1898-இல் ஆக்டன் நகரில் காலமானார். மோர்மன் நூலின் சில பகுதிகள் தமிழில் வெளிவந்தது 1982-இல்தான். அப்போது இந்தியாவில் சபைப்பணியைச் சிங்கப்பூரில் இருந்த மிஷனே கவனித்து வந்தது. 1993-இல் பெங்களூரில் தனி மிஷன் அமைந்தது.