நடுவில் துளையிட்ட மண்வட்டு

கீழடி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது தங்கத்தை. அடுத்தது எழுத்து. பானை ஓட்டில் கீறியிருக்கும் தமிழி எழுத்துகளைக் காற்றில் விரலால் தொடர்ந்து, ‘ஆதன்’ என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் அப்பாக்களைப் பார்க்கவே நன்றாக இருக்கும். நெசவுப் பொருள்கள் இருக்கும் பெட்டிக்கு முன்னால்தான் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. அங்கே இருப்பவற்றில் சுட்ட மண்ணால் ஆன சிறு வட்டுகளும் உண்டு. கொட்டைப்பாக்கு அளவிலோ குட்டி உளுந்து வடை அளவிலோ இருக்கும், நடுவில் ஒரு துளை. பார்த்த மாத்திரத்தில் உடைந்த பொம்மையின் சக்கரம் என்றுதான் தோன்றும்.

அது தக்களியின் வட்டு. நூல் நூற்கும் கருவியின் அடிப்பாகம். அந்தக் கூடங்களில் இருக்கும் பொருள்களிலேயே அதிக உழைப்பைச் சுமந்தது எதுவென்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் காட்டுவேன்.

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டம் கொந்தகையில், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்ட இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. கீழடி அகழாய்வை 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியது. நான்காம் கட்டம் முதல் தமிழகத் தொல்லியல் துறை அதை எடுத்து நடத்துகிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதும், தமிழகத்தின் நகர வாழ்க்கை எப்போது தொடங்கியது என்ற பேச்சே மாறிப்போனது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தக்களியின் கதைதான் சொல்லப்படாமலே கிடக்கிறது.

பெட்டியில் இருக்கும் வட்டு முழுக் கருவியும் அல்ல. துளையில் செருகியிருந்த குச்சிக்குக் கதிர் என்று பெயர். மரமாகவோ மூங்கிலாகவோ இருந்திருந்தால் அது எப்போதோ மக்கிப்போயிருக்கும். கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடுவே இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. கொடுமணல் இருப்பது நொய்யல் கரையில், திருப்பூரைத் தாண்டி ஓடிவரும் அதே நொய்யல். ஆனால் அங்கேயும் அந்தக் கதிரில் சுற்றிய நூல் இல்லை. நம் மண்ணில் பருத்தி எளிதில் தங்காது; ஈரமும் நுண்ணுயிர்களும் தின்றுவிடும். மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடந்த பருத்தித் துணித்துணுக்கு பிழைத்தது, உலோகம் அரித்துக் கசிந்த உப்பு நுண்ணுயிர்களை அண்டவிடாததால். ஆகவே மற்ற ஊர்களில் துணிக்குச் சாட்சி சொல்ல மிஞ்சுவது பெரும்பாலும் இந்த மண்வட்டுதான்.

இது என்ன வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, கார்த்திகை தீபத்துக்குத் திரி திரிக்கும் பாட்டியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு பிடி பஞ்சை எடுத்து மெல்ல இழுத்து, தொடையில் வைத்து ஒரு உருட்டு. தனித்தனியாக ஊதினால் பறக்கும் இழைகள் முறுக்கு ஏறியதும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இரு முனையிலும் இழுத்தால் அவை விலகுவதில்லை, இன்னும் இறுகுகின்றன. பசையும் முடிச்சும் இல்லாமல், வெறும் உராய்வு மட்டுமே நூலைப் பிடித்து வைத்திருக்கிறது.

எல்லாப் பஞ்சும் இதற்கு ஒத்துவராது. தலையணைக்குள் அடைக்கும் இலவம்பஞ்சை முறுக்கிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். அதன் இழை கண்ணாடிக் குழாய் போல நேராக, வழவழப்பாக இருக்கும். பருத்தி இழை அப்படியில்லை. காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் வற்றி, தண்ணீர் வருவது நின்ற ரப்பர் குழாய் போலத் தட்டையாகி, ரிப்பனை முறுக்கியது போல ஆங்காங்கே தானாகவே திருகிக்கொள்ளும். அந்தத் திருகல்கள்தான் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. பருத்தி நூலாகவும் இலவு தலையணையாகவும் ஆனதற்குக் காரணம் அவ்வளவே.

திரி ஒரு சாண் போதும். துணிக்கு முடிவில்லாமல் நூல் வேண்டும். கையால் முறுக்கும்போது இரண்டு தொல்லைகள். விட்ட உடனே முறுக்கு அவிழும், நீளமானால் சிக்கிக்கொள்ளும். நுனியை ஒரு குச்சியில் கட்டிக் குச்சியைச் சுழற்றினால் முறுக்கும் ஏறும், நூற்றதை அதே குச்சியில் சுற்றியும் வைக்கலாம். ஆனால் வெறும் குச்சி இரண்டு சுற்றில் நின்றுவிடும். அதன் அடியில் மண்வட்டைச் செருகியவுடன்தான் அது இயந்திரமாகிறது.

பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். சாட்டையை உருவிய பிறகும் பம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா? அது போல, விரல் கொடுத்த ஒரு சொடுக்கை வட்டு வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. அந்தச் சில நொடிகளில் கை விடுபடுகிறது. விடுபட்ட கை பஞ்சிலிருந்து இழையை இழுத்துக் கொடுக்கிறது. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினின் பக்கவாட்டில் சுற்றும் கனத்த சக்கரம் செய்வதும் இதே வேலைதான். அதைப் பிளைவீல் என்கிறோம். கீழடிப் பெண்களின் கையில் அது மண்ணால் இருந்தது.

வட்டின் அளவு தற்செயலாக அமைவதில்லை. ஒரே எடையுள்ள மண்ணை 3 சென்டிமீட்டர் அகல வட்டாகவும் 6 சென்டிமீட்டர் அகல வட்டாகவும் செய்தால், அகலமானதைச் சுழற்ற நான்கு மடங்கு சிரமம். பள்ளிப் புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். அகலமானது நிதானமாக, நீண்ட நேரம் சுற்றும். சிறியது விர்ரென்று சுற்றும். ஆட்டு ரோமம் போன்ற நீண்ட இழைக்கு நிதானம் போதும், கனமும் தாங்கும். நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த தக்களியை அதில் தொங்கவிட்டால் முறுக்கு ஏறுமுன் அறுந்துவிடும். எனவே பருத்திக்கு வட்டு சிறியதாக, இலேசாக, வேகமாகச் சுற்றுவதாக இருக்க வேண்டும். மெக்சிகோவின் பழங்குடியினரும் பருத்திக்குச் சிறிய வட்டு, கற்றாழை நாருக்குப் பெரிய வட்டு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். கடல் கடந்த இரண்டு மக்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், இழை கேட்டது அது என்பதால்.

என் அம்மா ஆதாரப் பள்ளியில் படித்தவர். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டத்தின் வழியில் வந்த பள்ளிகள் அவை. பாடத்தோடு தக்களியும் உண்டு. பித்தளை வட்டும் நுனியில் கொக்கி வைத்த எஃகுக் கம்பியுமாக ஒன்றை அவர் கையில் கொடுத்தபோது, தக்களியைத் தொட்டு அறுபது ஆண்டுகளாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார். கம்பியின் அடிநுனியை ஒரு கொட்டாங்கச்சியில் ஊன்றினார். வலக்கையின் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு சொடுக்கு. இடக்கை பஞ்சோடு மேலே போனது. பஞ்சு மெலிந்து, மெலிந்து, அறுந்துவிடும் என்று நான் நினைத்த இடத்தில் முறுக்கு ஓடிவந்து பிடித்துக்கொண்டது. கை முழுதும் நீண்டதும் தக்களியை நிறுத்தி, கொக்கியிலிருந்து எடுத்து, கம்பியில் சுற்றி, மறுபடி கொக்கியில் மாட்டி, மறுபடி சொடுக்கு. எவ்வளவு பஞ்சை எப்போது விடுவது என்று கேட்டேன். “அது விரலுக்குத் தெரியும்ப்பா” என்றார்.

கொட்டாங்கச்சியில் ஊன்றுவது முக்கியம். அப்படிச் செய்தால் தக்களியின் எடை நூலில் தொங்காது. டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்கள் மெல்லிய இரும்பு ஊசியில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி, ஊசி முனையைச் சிப்பியில் ஊன்றி நூற்றார்கள். காற்றில் ஈரம் இருக்கும் காலையிலும் மாலையிலும் மட்டும். ஈரம் பட்டால் பருத்தி இழைக்கு வலு கூடும். கோவை மில்களில் நூற்கும் கூடத்துக் காற்றை இயந்திரம் வைத்து ஈரமாக்குவதும் இதற்காகத்தான்.

உழைப்பு என்று சொன்னேனே, அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். சென்டிமீட்டருக்கு நீளவாக்கில் ஓடும் பாவில் 20 இழை, குறுக்கே ஓடும் ஊடையில் 20 இழை உள்ள சாதாரணத் துணி. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாவு 2 கிலோமீட்டர், ஊடை 2 கிலோமீட்டர். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சேலைக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் நூல் வேண்டும். மதுரையிலிருந்து கீழடிக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம். தக்களியில் மணிக்கு 100 மீட்டர் நூற்பதாக வைத்துக்கொண்டால் 264 மணி நேரம். சோறாக்கி, தண்ணீர் எடுத்து, பிள்ளை பார்த்தது போக நாளுக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தாலும் 44 நாள். பஞ்சைக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்துச் சுத்தம் செய்த நேரத்தை இதில் சேர்க்கவில்லை. நெசவாளர் ஒருவரின் தறி ஓயாமல் ஓட வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால் நூற்கும் கைகள் பல வேண்டும்.

அந்தக் கைகள் பெண்களுடையவை. சங்கப் பாடல்கள் இதை மறைக்கவில்லை. ஆண் துணையற்ற பெண்கள் மெல்லிய நூல் நூற்றதை நற்றிணை சொல்கிறது. இரவில் சிறு விளக்கு வெளிச்சத்தில் பருத்தியின் தூசு தும்பைப் புடைத்துக்கொண்டிருக்கும் பெண் புறநானூற்றில் வருகிறாள். பகல் முழுதும் வேறு வேலை இருந்தவளாகத்தான் அவளை என்னால் நினைக்க முடிகிறது.

கீழடியில் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பாண்டி ஆடும் நம் பிள்ளைகள் இன்றைக்கும் எறியும் அதே சில்லு. அவற்றில் துளை இருக்காது. தக்களிக்குத் துளைதான் உயிர். நட்டநடுவில், செங்குத்தாக, கதிர் ஆடாத அளவில் இருக்க வேண்டும். ஒரு நெல் அகலம் விலகினாலும் தக்களி தள்ளாடும், நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பெட்டிக்குள் இருக்கும் வட்டைப் பார்க்கும்போது துளையைப் பாருங்கள். செய்தவர் எவ்வளவு கவனம் வைத்தார் என்பது அதில் தெரியும்.

சுழற்றிய திசையும் நூலில் பதிந்துவிடும். தக்களியை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கம் சுழற்றினால், நிமிர்த்திப் பிடித்த நூலில் முறுக்குக் கோடுகள் வலது மேலிருந்து இடது கீழாகச் சரியும். ஆங்கில ‘இசட்’ எழுத்தின் நடுக்கோடு போல இருப்பதால் இசட் முறுக்கு என்பார்கள். எதிர்ப்பக்கம் சுழற்றினால் ‘எஸ்’ முறுக்கு. பழைய எகிப்தில் நூற்ற நூல் பெரும்பாலும் எஸ், இந்தியாவில் இசட். செங்கடல் கரையில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும் மிளகும் கிடைத்த பெரெனிகே துறைமுகத்தில் பருத்தித் துணிகளும் பாய்மரத் துணிகளும் வறண்ட மணலில் மக்காமல் கிடைத்தன. அவற்றில் எவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் பிரித்தறிய உதவிய தடயங்களில் ஒன்று இந்த முறுக்கு. எந்த ஊர்ப் பெண் என்று தெரியாது. அவள் விரல் சொடுக்கிய பக்கம் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிகிறது.

தக்களிக்குப் பிறகு வந்த ராட்டை பற்றிய தெளிவான எழுத்துக் குறிப்பு இந்தியாவில் 14ஆம் நூற்றாண்டில் வருகிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதும்போது, பாயிரத்தில் நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிட்டார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை. கதிருக்கு அவர் வைத்த இணை மதி, அதாவது அறிவு. இடைவிடாமல் சுழன்று, உதிரியாகக் கிடப்பதை முறுக்கேற்றி ஒன்றாக்குவது எதுவென்று நூற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு மில் எவ்வளவு பெரியது என்று கேட்டால் இன்றும் ஸ்பிண்டில் கணக்கில்தான் பதில் வரும். ஸ்பிண்டில் என்றால் கதிர். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றினாலும் அது செய்வது முறுக்கேற்றுவதும் சுற்றிவைப்பதும்தான்.

உடுத்தியிருக்கும் வேட்டியின் கரைநூலைத் தவிர்த்து, முந்தியிலிருந்து ஒற்றை இழை ஒன்றை உருவி வெளிச்சத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கோடுகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் வலது மேலிருந்து இடது கீழாகத்தான் இருக்கும்.