குரங்கு மலேரியாவும் மூலக்கூற்றுச் சோதனையும்: ஜொகூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஜொகூர்க் காட்டோரங்களில் மலேரியா கண்டவரின் இரத்தத்தில் எவ்வகை ஒட்டுண்ணி உள்ளது என்பதை நுண்ணோக்கியால் மட்டும் உறுதிசெய்ய இயலுமா? எப்போதும் இயலாது என்பதையும் அதற்கான காரணத்தையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இங்கு நாம் கருதுவது 'பிளாஸ்மோடியம் நோலெசி' எனும் ஒட்டுண்ணியை. நீள்வால் குரங்கும், தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் பன்றிவால் குரங்கும் இதன் இயல்பான உறைவிடங்கள். சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா சென்ற ஒரு குரங்கில் காணப்பட்ட இதனை, அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்சும் தாஸ் குப்தாவும் ஆராய்ந்தனர்; மனிதரையும் இது தொற்றும் என 1932இல் காட்டினர். ஒட்டுண்ணியின் பெயரில் இடம்பெற்றவர் நோல்ஸ் மட்டுமே. உடனுழைத்த இந்தியர் பெயர் துறையினர்க்கு அப்பால் எட்டவில்லை என்பது நம் கவனத்திற்குரியது.

இயற்கையான மனிதத் தொற்று, பகாங்கில் பணியாற்றிய ஓர் அமெரிக்கரிடம் 1965இல் உறுதியானது. ஜொகூரில் ஒருவர்க்கு இந்நோய் கண்டிருக்கலாம் என்னும் அறிக்கை 1971இல் வெளிவந்தது. பின்னர் நெடுங்காலம் இது அரிய நோயாகவே கருதப்பட்டது.

அக்கருத்து தவறெனக் காட்டியது சரவாக்கின் காப்பிட் ஆய்வு. பல்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்ட அவ்வாய்வில், மலேரியா நோயாளர் 208 பேரில் 120 பேரிடம் நோலெசி இருந்தது. நுண்ணோக்கியில் அவர்களிற் பெரும்பாலோர் 'மலேரியே' வகையினராகவே பதிவாகியிருந்தனர். தோற்றத்தில் இரண்டும் ஒத்தவை, இயல்பிலோ வேறானவை. மலேரியே 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். ஆகவே பெயர்ப்பிழை உயிர்ப்பிழையாகவும் முடியலாம்.

பாலிமரேஸ் தொடர்வினை என்னும் சோதனை உருவத்தைப் பார்ப்பதில்லை. வடிதாளில் உலர்த்திய இரத்தத் துளியிலிருந்து மரபணுப் பொருள் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் இனத்திற்கும் உரிய மரபணுப் பகுதியைத் தேடிப் பொருந்தும் 'தொடக்கிகள்' சேர்க்கப்படுகின்றன. உரிய இனம் இருப்பின் அப்பகுதி பன்மடங்கு படியெடுக்கப்படும். இதுவும் குறையற்றதன்று: முதலிற் பயன்பட்ட தொடக்கிகள் சில வேளை 'வைவாக்ஸ்' இனத்தோடும் பொருந்துவது பின்னர் அறியப்பட்டது. எனினும் மனிதர், குரங்கு, கொசு என மூன்றிடத்தும் ஒரே ஒட்டுண்ணியைத் தொடர்ந்து காண வேறு நம்பகமான வழி அரிது.

மனித மலேரியா வகைகளின் உள்நாட்டுத் தொற்று 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. நோலெசி அக்கணக்கில் அடங்காது. அவ்வாண்டிலேயே நாட்டில் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதனால் பாதிக்கப்பட்டனர். இதனைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்கள், நிழலடர்ந்த காட்டுக் குட்டைகளிலும் வண்டித்தடங்களில் தேங்கும் நீரிலும் முட்டையிடுகின்றன. பெரும்பாலும் அந்தி தொடங்கி வீட்டுக்கு வெளியே கடிக்கின்றன. வீட்டினுள் மருந்து தெளிப்பதும் கொசுவலை கட்டுவதும், மாலையில் செம்பனைத் தோட்டத்திலிருந்து திரும்பும் தொழிலாளியைக் காக்கப் போதா.