அக்கறை யாரிடம் குறைவு?

ஆய்வுக்கூடத்தில் எனக்குத் துணையாயிருந்த இளைய மாணவரை, ‘வேலையில் அக்கறையே இல்லை’ என்று கடிந்துகொண்டேன். பின்னர் அகமதாபாத் காலிகோ ஆலையின் வரலாற்றைப் படித்தேன்.

அங்கே தானியங்கித் தறிகள் வந்தும் நெசவு எதிர்பார்த்தபடி பெருகவில்லை. நெய்பவர், எண்ணெய் இடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர் என வேலை துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தது. 1953-இல் லண்டன் டேவிஸ்டாக் நிலையத்து ஆய்வாளர் ஏ. கே. ரைஸ், சில தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப் பொறுப்பேற்கலாம் என்றார். தொழிலாளரே ஆட்களைத் தேர்ந்து குழுக்களாயினர். தொடக்கத் தடுமாற்றங்கள் நீங்கியபின் உற்பத்தி உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. அதே தறிகள்தாம், வேலையைப் பகிர்ந்த முறை மாறியிருந்தது.

நான் அம்மாணவருக்குக் கொடுத்ததோ குடுவை கழுவும் வேலை மட்டும். எந்தச் சோதனைக்கு என்றுகூடச் சொல்லவில்லை. அக்கறை யாரிடம் குறைவு, நண்பர்களே?