எட்டே எட்டு செகண்ட்!

ஜப்பானில் காகாமிகஹாரா என்று ஓர் ஊர். (ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் ஒரு கப்!) 2017 நவம்பர் 5-ம் தேதி அங்கேதான் பெண்கள் ஆசியக் கோப்பை ஹாக்கி ஃபைனல். இந்தியாவுக்கு எதிரே சீனா. நவ்ஜோத் கவுர் ஒரு கோல் போட, சீனாவும் பதிலுக்கு ஒன்று போட... 1-1.

அப்புறம் ஷூட்-அவுட். ஃபுட்பால் பெனால்டி மாதிரி நின்ற இடத்திலிருந்து அடிக்கிற சமாசாரமில்லை. 23 மீட்டர் தூரத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டே வந்து, எட்டு செகண்டுக்குள் கோல் போட்டாக வேண்டும். மறிக்க கோல்கீப்பரைத் தவிர ஆளே கிடையாது!

இந்தியாவுக்கு நின்றவர் சவிதா. ஹரியானாவில் சிர்ஸா பக்கத்துக் கிராமத்துப் பெண். தாத்தா ஆசைப்பட்டார் என்பதற்காக மட்டை பிடித்தவர்.

4-4 வரை இழுத்து, அதன்பின் 'சடன் டெத்'. கேப்டன் ராணி அடித்தார், சவிதா தடுத்தார். 5-4! 2004-க்குப் பிறகு 13 வருஷம் கழித்துக் கோப்பை. லண்டனில் 2018 உலகக் கோப்பை ஆடவும் இடம் கிடைத்தாச்சு. சிறந்த கோல்கீப்பர் விருது சவிதாவுக்கே.

எல்லாம் சரி, வேலை? மெடல் வாங்கினால் அரசு வேலை என்று அவர் மாநிலத்தில் ஒரு திட்டமே இருந்தது. மெடலும் இருந்தது. ஆனாலும் கோப்பையோடு ஊர் திரும்பியபோது, 27 வயதில், செலவுக்கு அப்பா கையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது சவிதாவுக்கு.