97.2 சி.சி.யின் ஆண்டுக் கணக்கு

காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு, தூத்துக்குடி நாற்கரச் சாலை வழியே ஏறத்தாழ 28 கி.மீ. வேலைக்கு பைக்கில் போய்த் திரும்புபவருக்கு நாளுக்கு 56 கி.மீ.; மாதம் 25 வேலை நாள் என்றால் 1,400 கி.மீ.; ஆண்டுக்கு 16,800 கி.மீ. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. வண்டி, 20 ஆண்டைத் தாண்டிய 100 சி.சி. ஹீரோ ஹோண்டா. பெட்ரோல் லிட்டர் ₹101 என்று கொண்டிருக்கிறேன். உதிரிபாக விலையும் கூலியும் முழுமையாக்கிய மதிப்பீடுகள். கடைக்குக் கடை மாறும். வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த வகை வண்டியை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடிவதற்குக் காரணம் ஓர் அளவு. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 49.5 மி.மீ.; வட்டத்தின் பரப்பை அந்த நீளத்தால் பெருக்கினால் 97.2 சி.சி. 1985இல் வந்த சி.டி. 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர், இன்றும் விற்பனையில் இருக்கும் ஸ்ப்ளெண்டர் பிளஸ் மூன்றிலும் இதே அளவுதான். 40 ஆண்டாக எஞ்சின் அளவு மாறாததால் தாலுகா தலைநகர் அளவிலுள்ள ஊரிலும் இதற்குச் சாமான் கிடைக்கிறது; இதைப் பிரித்துப் பழகிய கைகளும் இருக்கின்றன.

செலவில் முதலிடம் பெட்ரோலுக்கு. லிட்டருக்கு 60 கி.மீ. கொடுக்கும் வண்டி 16,800 கி.மீ.க்கு 280 லிட்டர் குடிக்கும், ₹28,280. அதே வண்டி 50 கி.மீ.க்கு இறங்கினால் 336 லிட்டர், ₹33,936. வித்தியாசம் 56 லிட்டர், ₹5,656. ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுந்த கலவை, டயரில் காற்றுக் குறைவு, விடாமல் உரசும் பிரேக் ஷூ, இறுகிய செயின் எல்லாம் சேர்ந்தால் 10 கி.மீ. குறைவது அரிதன்று.

மைலேஜ் குறையக் குறைய ஒவ்வொரு கிலோமீட்டரின் விலையும் ஏறுகிறது. 60இலிருந்து 59க்கு இறங்கினால் ஆண்டுக்கு 4.75 லிட்டர், ₹479 கூடுகிறது. 50இலிருந்து 49க்கு இறங்கினால் 6.86 லிட்டர், ₹693. இறக்கம் அதே 1 கி.மீ.; சுமை 44 சதவீதம் அதிகம். ஏற்கெனவே கெட்டிருக்கும் வண்டியைக் கவனிப்பதில்தான் பலன் கூடுதல்.

எல்லா இழப்பும் ஸ்பானரால் சரியாவதில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால், 10 சதவீதக் கலவைக்குத் திருத்தப்பட்ட இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. நடுவே 3.5 சதவீதம் என்று வைத்தால் 60 கி.மீ. 57.9 ஆகிறது, ஆண்டுக்கு 10.2 லிட்டர், ₹1,026 கூடுகிறது. பழைய வண்டியில் இது கூடவும் செய்யலாம். வீட்டில் செய்யக்கூடியது, பழைய ரப்பர் பெட்ரோல் டியூப்பை மாற்றுவதும், மழைக்காலத்தில் டாங்கில் தண்ணீர் இறங்காமல் பார்ப்பதும்தான்.

எஞ்சின் ஆயிலுக்கு 3,000 கி.மீ. தவணை என்றால் ஆண்டுக்கு 5.6 முறை, அதாவது 6 முறை. இவ்வண்டிக்கென்றே விற்கும் 900 மி.லி. குப்பி ₹420 என்று கொண்டால் ₹2,520. காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. சுழற்சியால் கசடைப் பிரிக்கும் அமைப்பும் ஒரு வலையும் மட்டுமே. மாற்றுவதற்குத் தேவை 17 மி.மீ. ஸ்பானர் ஒன்றும் அகலமான பழைய சட்டியும்.

டேப்பட் இடைவெளி, அதாவது வால்வின் இடைவெளி, 0.05 மி.மீ. சாதாரண எழுதுதாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; அதில் பாதி. 4,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 2,000 முறை திறந்து மூடுகிறது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் மதுரை சேர 37 நிமிடம். போகும்போது மட்டும் ஏறத்தாழ 75,000 முறை. அதனால்தான் தேய்கிறது. இடைவெளி கூடினால் சத்தம் வரும், ஓட்டுபவர் உடனே கவனிப்பார். இடைவெளி இல்லாமற்போனால் சத்தமே வராது; வால்வு சரியாக மூடாமல் கருகும். சத்தம் இல்லாத தவறே இங்கு விலை கூடியது. எஞ்சின் முழுதும் ஆறிய காலை நேரத்தில், ஃபீலர் கேஜ் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கைப்பழக்கத்தை நம்பி 0.05 மி.மீ. வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயினுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு கண்ணியிலிருந்து அடுத்தது 12.7 மி.மீ.; 20 கண்ணி 254 மி.மீ. பொதுவாக 2 சதவீதம் நீண்டால், அதாவது 259 மி.மீ. ஆனால், மாற்ற வேண்டும். 5 மி.மீ. வித்தியாசம் சாதாரண அளவுகோலிலேயே தெரியும். ₹1,200 செட் ஒன்று எண்ணெய் காணாமல் 10,000 கி.மீ.யில் தேய்ந்தால் கிலோமீட்டருக்கு 12 பைசா. எண்ணெய் கண்டு 20,000 கி.மீ. ஓடினால் 6 பைசா. ஆண்டுக்கு ₹2,016க்கு எதிரே ₹1,008.

பிரேக்கை ரூபாயில் எழுதக் கூடாது, மீட்டரில் எழுத வேண்டும். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் 19.3 மீட்டரில் வண்டி நிற்கும். 4 மீட்டர் வீதமென்றால் 24.1 மீட்டர். நடுவிலுள்ள 4.8 மீட்டரில் ஓர் ஆட்டோ நிற்கலாம், ஒரு பள்ளிப் பிள்ளை நிற்கலாம். முன் பின் பிரேக் ஷூ இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ₹600.

இனி கூட்டல். ஆயில் ₹2,520, பிளக் ₹120, ஏர் ஃபில்டர் ₹200, பிரேக் ஷூ ₹600, செயின் ₹1,008: மொத்தம் ₹4,448. 75 முதல் 150 சி.சி. வரையான வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு, 2022 ஜூன் முதல் உள்ள வீதப்படி ₹714. 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் ₹843. ஆர்.சி. புதுப்பிப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறை. 2022 மார்ச் வரை ₹300ஆக இருந்த கட்டணம் ஏப்ரலில் ₹1,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ₹2,000. ஆண்டுக்கு ₹400 என்று வைக்கலாம். தவறினால் மாதம் ₹300 தாமதக் கட்டணம். 7 மாதத்தில் அது கட்டணத்தையே மிஞ்சும். பெட்ரோலையும் சேர்த்தால், டயர் நீங்கலாக, ஆண்டுச் செலவு ₹33,971. கிலோமீட்டருக்கு ₹2.02. இதில் 83 சதவீதம் பெட்ரோல்.

₹33,971 என்ற தொகையை மேலே கண்ட ₹33,936க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கவனிப்பில்லாத வண்டியின் பெட்ரோல் செலவு மட்டுமே, கவனிக்கப்படும் வண்டியின் மொத்தச் செலவுக்கு ₹35 அருகில் வந்துவிடுகிறது. சர்வீஸ் கூலி முறைக்கு ₹400 என்றால் 6 முறைக்கு ₹2,400. வீட்டில் செய்தால் மிச்சம். ₹2,000க்கு வாங்கும் கருவிகள் 10 மாதத்தில் விலையை மீட்டுவிடும். ஆனால் பெட்ரோலில் மிஞ்சும் ₹5,656இல் அது 42 சதவீதம்தான். நல்ல மெக்கானிக்குக் கூலி கொடுத்துச் செய்தாலும் கணக்கு லாபத்திலேயே நிற்கிறது. யார் செய்கிறார் என்பதைவிடத் தவணை தவறாமல் நடக்கிறதா என்பதே பெரிய எண்.

புதிய வண்டி? கடை விலை ₹80,000 என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் இதே வண்டி ₹86,780இலிருந்து இறங்கியது என்றாகும். தமிழ்நாட்டுச் சாலை வரி 10 சதவீதம், ₹8,000. 5 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு வரியுடன் ₹4,544. ஆக ₹92,544. அது 65 கி.மீ. கொடுத்தால், கவனித்த பழைய வண்டியைவிடப் பெட்ரோலில் ஆண்டுக்கு ₹2,175 மிச்சம். போட்ட முதலை எடுக்க 42 ஆண்டுக்கு மேல். கவனிக்காததை ஒப்பிட்டால் ₹7,831. ஏறத்தாழ 12 ஆண்டு. மறுவிற்பனை மதிப்பு இதில் சேரவில்லை.

பழைய வண்டிக்கு எதிரான எண்ணையும் எழுதியாக வேண்டும். 2000 மார்ச்சுக்குப் பின் வந்த நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வாகனத்துக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரை அனுமதி. பி.எஸ். 6 வண்டிக்கு 0.5 சதவீதம், 500 பி.பி.எம். முறையே 7 மடங்கு, 9 மடங்கு. கார்புரேட்டரைச் சீராக வைத்தால் வரம்புக்குக் கீழே நிற்கலாம்; 500க்கு இறங்குவது கடினம்.

தேய்ந்த சிலிண்டரைக் கடையும் போர் வேலை வீட்டில் நடவாது, லேத் பட்டறைக்குப் போக வேண்டும். 0.25 மி.மீ. வீதம் நான்கு முறை கடைந்தால் விட்டம் 51 மி.மீ., கொள்ளளவு 101.1 சி.சி. அதற்கு மேல் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஆண்டுக்கு 6 முறை ஊற்றும் ஆயில் 5.4 லிட்டர். ஒரு லிட்டர் கழிவு ஆயில் 10 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் விகிதம், 5.4 லிட்டருக்கு 54 லட்சம். கண்மாயையும் கிணற்றையும் நம்பிய தாலுகாவில் இதை வேலியோரம் ஊற்றக் கூடாது. ஓடும்போது சிறிது எரிந்து குறைவதால், மூடியுள்ள 5 லிட்டர் கேன் ஒன்று ஏறத்தாழ ஓராண்டுக்குப் போதும். நிறைந்ததும் கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.