சீன ஸ்கூட்டரும் அப்பா காசும்

மெல்போர்ன்ல ராத்திரி வேலை முடிஞ்சு கடைசி ட்ராமை விட்டா டாக்சிக்கு அழணும். அதான் புதுசா, மலிவா ஒரு 50 சிசி சீன ஸ்கூட்டர் பார்த்து வெச்சேன். நம்மூர் டிவிஎஸ் 50 மாதிரி முறுக்கினா ஓடிடும்னு நினைப்பு!

விசாரிச்சா, குவீன்ஸ்லாந்துல இதுக்குக் கார் லைசென்ஸே போதுமாம். விக்டோரியாவிலோ எவ்வளவு குட்டி ஸ்கூட்டரானாலும் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் எடுத்தே ஆகணும். பயிற்சி, ரெஜிஸ்ட்ரேஷன், ஹெல்மெட், கையுறைன்னு கூட்டினா வண்டி விலையையே எட்டிடும் போல. ஆளுக்கு இடைஞ்சல் இல்லாம நடைபாதையிலேயே நிறுத்திக்கலாம்ங்கிறது ஒண்ணுதான் ஆறுதல்.

"பிரேக் லீவர் உடைஞ்சா ஸ்பேர் கிடைக்குமா?"ன்னு கேட்டேன். கடைக்காரர் சிரிச்சார். அப்பா கடன் வாங்கி அனுப்பின காசு மக்கா, அந்தச் சிரிப்பை நம்பிப் போட முடியாது. லைசென்ஸ் செலவு எப்படியும் உண்டு. ஸ்பேர் கிடைக்கிற பழைய ஹோண்டாவா தேடறேன். அதுவரை நடராஜா சர்வீஸ்தான்.